செய்தி எந்த நாளில் தொடங்குகிறது?

2023 ஜூலை 28 அன்று நெய்வேலி ஆர்ச் கேட் அருகே கல் பறந்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, வானத்தை நோக்கிச் சுட்டது. பா.ம.க. தலைவர் அன்புமணி ராமதாஸ் கைதானார். அந்தக் காட்சியை மட்டும் டி.வி.யில் பார்த்த வெளியூர்க்காரருக்கு அது ஒரு கட்சி நடத்திய கலவரம், அவ்வளவுதான்.

வளையமாதேவி விவசாயியைக் கேட்டால், விஷயம் இரண்டு நாள் முன்பே தொடங்கிவிட்டது என்பார். நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டும். அதற்குக் கால்வாய் வெட்ட, பச்சை மாறாமல் நின்ற நெல்லுக்குள் ஜே.சி.பி. எந்திரங்கள் இறங்கின. நிர்வாகத்தைக் கேட்டால் கதை 2006-க்குப் போகும். அப்போதிருந்து 2013 வரை நிலத்தைக் கையகப்படுத்தி முடித்தாயிற்று, பயிர் வைக்க வேண்டாம் என்று சொல்லியும் வைத்தார்கள் என்பது அவர்கள் வாதம். மந்தாரக்குப்பத்தில் பெரியவர்கள் அதற்கும் பின்னால் போவார்கள். கம்பெனி பதிவான 1956, அதற்குப் பிறகு ஊர் ஊராகக் காலி செய்யப்பட்ட வருடங்கள் என்று அவர்கள் கணக்கு நீளும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குத் தொடங்கும் நாள் வேறு. எந்த நாளை எடுத்துக்கொள்கிறோமோ, அதற்கேற்ப அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.

இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றி வரும் செய்திகளை நான் இந்த ஊரில் இருந்துகொண்டுதான் படிக்கிறேன். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது, 251 பேரைப் பிணைக் கைதிகளாக இழுத்துச் சென்றது. அது கொடூரம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த செய்திகளில் பெரும்பாலானவை அந்தக் காலையையே உலகத்தின் முதல் நாளாக வைத்தன. 2007 முதல் காசாவைச் சுற்றி இருந்த முற்றுகையும், 1967 முதல் நீடிக்கும் ஆக்கிரமிப்பும், 1948-இல் ஏழு லட்சம் பேர் வீடிழந்ததும் சிறப்புக் கட்டுரைகளுக்கு ஒதுங்கின. அன்றாடச் செய்தியில் அவற்றுக்கு இடமில்லை.

இதனால் என்ன விளையும் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரெக் ஃபைலோவும் மைக் பெர்ரியும் 2004-லேயே புத்தகம் எழுதிக் காட்டினார்கள். பிரிட்டிஷ் டி.வி. செய்திகளைப் பார்த்து வந்தவர்களிடம், ஆக்கிரமித்திருப்பது யார் என்று கேட்டார்கள். பலருக்குத் தெரியவில்லை. பாலஸ்தீனர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். குண்டு வெடித்ததைத் தினமும் பார்த்தவர்களுக்கு அது யார் மண் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாள் ஒன்று, நிருபர் நிற்கும் இடம் இன்னொன்று. போர் தொடங்கியது முதல் வெளிநாட்டு நிருபர்கள் தாமாகக் காசாவுக்குள் நுழைய இஸ்ரேல் விடவில்லை. ராணுவம் அழைத்துப் போனால் போகலாம், அது காட்டியதைப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜனவரியில் மனு தள்ளுபடியானது. செப்டம்பரில் மறுபடி மனு போட்டார்கள். அரசு வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கியது. ஆகவே உள்ளே நடப்பதைச் சொல்ல உள்ளூர் நிருபர்கள் மட்டுமே மிச்சம். அவர்களையோ எளிதாகச் சந்தேகப்பட முடிகிறது. இறந்தவர் எண்ணிக்கையைக் காசா சுகாதார அமைச்சகம் சொன்னால், ‘ஹமாஸ் நடத்தும்’ என்ற அடைமொழி தவறாமல் முன்னால் வரும். இஸ்ரேல் ராணுவம் சொல்வதற்கு அப்படி எச்சரிக்கை எதுவும் கிடையாது.

2022 மே 11 அன்று ஜெனினில் அல் ஜசீராவின் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாலஸ்தீனத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டிருக்கலாம் என்று இஸ்ரேல் முதலில் சொன்னது. அதுவும் உடனே செய்தியானது. தன் சிப்பாயின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்கவே அதிக வாய்ப்பு என்று ராணுவம் ஒப்புக்கொள்ள செப்டம்பர் ஆனது. முதல் நாள் செய்தியைப் படித்த எத்தனை பேர் நான்கு மாதம் கழித்து வந்ததைப் படித்திருப்பார்கள்?

எதிர்ப்பக்கமும் தவறு நடந்தது. 2023 அக்டோபர் 17 அன்று காசாவின் அல்-அஹ்லி மருத்துவமனை வெடிப்பை இஸ்ரேலின் தாக்குதல் என்று பாலஸ்தீனத் தரப்பு சொன்னதை, நியூயார்க் டைம்ஸ் விசாரிக்காமல் தலைப்பாக்கியது. சில நாளில் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டுத் திருத்திக்கொண்டது. பாலஸ்தீன ஆயுதக் குழுவின் ராக்கெட் தவறி விழுந்திருக்கவே வாய்ப்பு என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பிறகு சொன்னது. பாலஸ்தீனர் பக்கம் மனம் சாய்ந்தவன் நான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

படிப்பவரின் சாய்வைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 1982-இல் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலா முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே டி.வி. செய்தித் துண்டுகளை, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வலோன், ராஸ், லெப்பர் மூவரும் போட்டுக் காட்டினார்கள். இது நமக்கு விரோதமான செய்தி என்றே இரு தரப்பும் சொன்னது. 1985-இல் வெளியான இதைக் காட்டி, இரண்டு பக்கமும் திட்டினால் நாம் நடுநிலைதான் என்று ஆசிரியர்கள் சிலர் ஆறுதல் அடைகிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. யார் உள்ளே போக முடிந்தது, யார் பேச்சு முதல் பத்தியில் வந்தது என்பதெல்லாம் எண்ணிப் பார்க்கக் கூடியவை. திட்டை வைத்து நியாயத்தை அளக்க வேண்டியதில்லை.

தமிழனுக்கு இது புரியக் காசா வரை போக வேண்டாம், வன்னி போதும். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் அங்கிருந்து வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுயேச்சையான நிருபர்களுக்கு வழி அடைபட்டது. உள்ளே இருந்து சாவைச் சொன்னவர்கள் சில அரசு மருத்துவர்கள், தொலைபேசியில். போர் முடிந்ததும் அவர்களைக் கைது செய்தார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் நிருபர்கள் முன்னே உட்காரவைக்கப்பட்டபோது, புலிகளின் நெருக்குதலில் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். கட்டாயத்தால்தான் அப்படிச் சொன்னோம் என்று அவர்களில் ஒருவர் நாட்டைவிட்டுப் போன பிறகு சொன்னார். 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது 2011-இல். பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்ததும், லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்து அது கல்லூரி கல்லூரியாகப் பரவியதும் 2013-இல். அதற்குள் முள்ளிவாய்க்கால் முடிந்து நாலு வருடம்.

அதே நிபுணர் குழு, புலிகள் மக்களைப் பிடித்து வைத்திருந்ததையும் தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் எழுதியது. நம் பத்திரிகைகளில் பல அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்து போயின. அந்தக் குண்டில் செத்தவர்களும் தமிழர்கள்.

தமிழ் நாளிதழ்களுக்குக் காசாவில் ஆள் இல்லை. ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. அனுப்புவதைத்தான் தமிழாக்கிப் போடுகிறார்கள். அந்த ஏஜென்சிகளுக்கோ காசாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான் கண். 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸின் நாசர் மருத்துவமனை தாக்கப்பட்டபோது செத்த ஐந்து பத்திரிகையாளர்களில் ராய்ட்டர்ஸுக்கும் ஏ.பி.க்கும் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். தினமும் செய்தியைத் தரும் ஏஜென்சி பெயரோடு, அதை நேரில் பார்த்தவர் யார், எங்கே நின்று பார்த்தார், யார் அனுமதியில் போனார் என்று ஒரு வரி சேர்த்துப் போட இடம் அதிகம் ஆகாது. அந்த வரியை நம் நாளிதழ்கள் நாளையே தொடங்கலாம்.