வெள்ளைக் கொக்குகளில் நான்கு வகை

வடகிழக்குப் பருவமழையில் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் குளங்கள் நிறைந்தால் கொக்குகள் வந்து இறங்கும். கரையோடு போகிறவர்கள் எல்லாவற்றையும் 'கொக்கு' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நான்கு வகைகள் கலந்திருக்கக்கூடும். நான்கும் வெள்ளை என்பதால் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. உருவம், அலகு, கால், வாய்க்கோடு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மேயும் மாட்டின் கூடவே நடப்பது உண்ணிக்கொக்கு. மாட்டின் குளம்படியில் கிளம்பும் பூச்சிகள்தான் அதன் இரை. குட்டைக் கழுத்து, குட்டையான மஞ்சள் அலகு, அலகுக்கு அடியில் சற்றுப் புடைத்த இறகுகள். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆகியவற்றில் ஆரஞ்சுப் பழுப்பு நிறம் ஏறும்.

சின்னக்கொக்குக்கு அலகும் காலும் கருப்பு. பாதம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். ஆழமில்லாத தண்ணீரில் அந்தப் பாதத்தால் கலக்கி, வெளிவரும் சிறு மீன்களைக் கொத்தும். பறக்கும்போதும் வாலுக்குப் பின்னால் மஞ்சள் விரல்கள் தெரியும்.

குழப்பம் வருவது நடுத்தரக் கொக்கிலும் பெரிய கொக்கிலும்தான். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கருப்புக் கால், கருப்புப் பாதம். இங்கே அலகு பிளக்கும் இடத்திலிருந்து கண்ணை நோக்கிப் போகும் வாய்க்கோட்டைக் கவனியுங்கள். அது கண்ணுக்கு நேர்கீழே முடிந்தால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு. பெரிய கொக்கு ஏறத்தாழ மூன்றடி நீளம். நீண்ட கழுத்தின் நடுவில் ஒரு மடிப்பும் இருக்கும்.

இனப்பெருக்கக் காலத்தில் இந்த இரண்டின் மஞ்சள் அலகும் கருத்துவிடும். அப்போது அலகை மட்டும் பார்ப்பவர் சின்னக்கொக்கு என்று எழுதிவிடுவார். பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும், வாய்க்கோடு மாறாது. அதனால் ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே சரியான முறை.

இனப்பெருக்கக் காலத்தில் முளைக்கும் மெல்லிய அலங்கார இறகுகளுக்காக, ஐரோப்பியத் தொப்பிகளில் செருகுவதற்கென்றே, ஒரு காலத்தில் கொக்குகள் கொல்லப்பட்டன. இந்தியாவிலிருந்து பறவை இறகுகளை ஏற்றுமதி செய்ய 1902இல் தடை வந்தது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் கலந்துகொள்ளலாம். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர்க் குளத்துக்குப் பிள்ளைகளோடு போங்கள். 'கொக்கு' என்று மட்டும் எழுதாமல், எந்தக் கொக்கு என்று பார்த்து எழுதுங்கள்.