கற்கும் பலகையும் விற்கும் பண்டமும்

நயினாதீவு மாணவன் ஒருவன், தொட்டி நிரம்பியதும் நீர்ப்பம்பியைத் தானே நிறுத்தும் கருவியொன்றை ஆர்டுவினோப் பலகை கொண்டு இயற்றுதல் இன்று அரிதன்று. கண்காட்சியிலே அதனைக் காண்போர் மகிழ்வர். ஆயின், அதனையே அவன் அயலவர்க்கு விலைக்குக் கொடுக்க முற்படின், அப்பலகை அதற்குத் தகுமோ என்னும் வினா எழுகின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

ஆர்டுவினோ 2005இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், வடிவமைப்புப் பயிலும் மாணவர்க்கென உருவாயிற்று. 'ஊனோ' என்னும் பலகை 2010இல் வெளிவந்தது. அதன்கண் உண்மையாகத் தொழில் புரிவது அட்மெகா 328 என்னும் சில்லு ஒன்றே. செக்கனுக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புக்களோடு இயங்கும் அச்சில்லு 32 கிலோபைற்று நினைவகம் உடையது. யூ.எஸ்.பி. வாயில், கம்பி செருகும் துளைகள் முதலாயின பெரும்பாலும் கற்போன் வசதிக்கே அமைந்தவை. வீடு கட்டச் சாரம் வேண்டும். குடிபுகுந்த பின்னரும் அதனை விட்டுவைப்பார் இலர்.

பலகையை அவ்வாறே பண்டத்துள் வைப்பதால் விளையும் இடர்கள் இரண்டு. செருகிய கம்பிகள் அதிர்வால் நெகிழும். உப்புக்காற்று அவற்றின் முனைகளை அரிக்கும். சில்லு உறங்கும் வேளையிலும் பலகையின் ஏனைய உறுப்புக்கள் மின்னை உண்ணும். சூரிய ஒளியையும் மின்கலத்தையும் நம்பிய கருவிக்கு இது பெருங்கேடாம். பழுது பார்ப்போன் குறிகட்டுவானிலிருந்து படகேறி வரவேண்டிய தீவிலே, சிறு நெகிழ்வும் பெருஞ்செலவாக முடியும்.

ஆதலின், பலகையிலே பரீட்சித்துத் தேறியபின், அச்சில்லையும் வேண்டிய உறுப்புக்களையும் மாத்திரம் தனிச் சுற்றுப்பலகையிலே பற்றாசு வைத்து, ஈரம் புகாத பெட்டியுள் அடைத்தலே முறை. நிரல் தடுமாறி நின்றால் சில்லை மீளத் தொடக்கும் காவற் கடிகாரம் அதனுள்ளேயே உண்டு. அதனையும் இயக்குதல் வேண்டும். 2012இல் வந்த ராஸ்பெரி பை கணினிக்கும், தொழிற்சாலைப் பயன் கருதி 2014இல் தனி வடிவமொன்று வெளியிடப்பட்டது. எனினும் இரண்டொரு கருவிகளே வேண்டுமிடத்து ஆயத்தப் பலகையைப் பயன்படுத்துதல் குற்றமன்று; தனிப்பலகை வரையும் செலவு அங்கே மிஞ்சும்.

உரிமம் பற்றியும் அறிதல் நன்று. ஆர்டுவினோப் பலகையைப் பண்டத்துள் வைத்து விற்பதனாலே நம் அமைப்பை வெளியிடும் கடமை எழாது. அதன் வரைபடத்தைத் திருத்திப் புதுப்பலகை செய்து விற்போர், அத்திருத்தத்தையும் அதே உரிமத்தில் வெளியிடல் வேண்டும். ஆர்டுவினோ என்னும் பெயரை நம் பண்டத்துக்கு இசைவின்றிச் சூட்டலாகாது.

கடல் கடந்து பொறியியற்றுறையிலே விளங்கும் பழைய மாணவர்கள், சுற்றுப்பலகை வரையும் இவ்வொரு படியை நம் மாணவர்க்குக் கற்பிப்பாராயின், கண்காட்சியோடு மறைந்துபோகும் கருவிகள் பல வீடுகளிலே நின்று பயன்தரும். விலை கொடுத்து வாங்குவோன் நம் திறமையை மாத்திரமன்றி, நம் சொல்லையும் நம்பியே வாங்குகின்றான்.