அம்மாவின் கை எட்டும் உயரம்

சில மாதங்களுக்கு முன்பு, வானொலியில் என் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “உங்கள் வீட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?”

புது சோபா, பெரிய தொலைக்காட்சி, அண்மையில் மாற்றிய சமையலறை என்று பதில்கள் வரும் என்று நினைத்தேன். வந்தவை வேறு. துணி காயப்போடும் சன்னலோரம்தான் பிடிக்கும் என்றார் ஒருவர். அங்கிருந்து பார்த்தால் மகன் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்குவது தெரியுமாம். இரவுப் பணி முடித்து வரும் ஒரு தாதி, காலணியைக் கழற்றும் வாசல்தான் தமக்கு உலகத்திலேயே பிடித்த இடம் என்றார். பாட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்த மூலையில் இன்னும் யாரும் நாற்காலி போடவில்லை என்று சொல்லிவிட்டு ஓர் இளையர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். வானொலியில் மௌனம் கூடாது. ஆனாலும் அன்று நான் குறுக்கிடவில்லை.

மாலையில் அதே கேள்வியை என் அக்காவிடம் கேட்டேன். அக்கா வீட்டு அலங்கார வடிவமைப்பாளர். பதினான்கு ஆண்டுகளாக மற்றவர்களின் வீடுகளை அழகாக்குவதே அவர் வேலை.

“மத்தவங்க வீட்டைப் பத்திக் கேளு தம்பி, சொல்றேன். என் வீட்டைப் பத்தி மட்டும் கேக்காத” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததைத் தெரிந்துகொள்ளத்தான், விடுப்பு எடுத்துக்கொண்டு ஒருநாள் முழுவதும் அவருடன் சுற்றினேன்.

ஒன்பது மணிக்கு முன்னும் பின்னும்

அக்காவின் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. குளித்து, விளக்கேற்றி, மகனை எழுப்பி, அவன் சாப்பிட்டானா என்று மூன்று முறை கேட்டு, பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிமிரும்போது வாட்ஸ்அப்பில் நாற்பது செய்திகள். ஓடு வந்துவிட்டது, ஆனால் நிறம் வேறு. கதவு வந்துவிட்டது, ஆனால் கைப்பிடி இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே மாமாவின் மதியச் சாப்பாட்டையும் கட்டிவிடுகிறார்.

வீவக வீடுகளில் சுவர் உடைப்பது, துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளை வார நாள்களில் காலை ஒன்பது மணிமுதல் மாலை ஐந்து மணிவரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. அதனால் அந்த எட்டு மணி நேரம் அக்காவுக்குத் தங்கம். ஒன்பது மணிக்குள் எந்தச் சுவர், எந்த இடம் என்று பென்சிலால் கோடு போட்டிருக்கவேண்டும். கோடு தப்பினால் காசும் போகும், நாளும் போகும்.

அன்று நாங்கள் முதலில் போனது பொங்கோலில் ஒரு புதிய நாலறை வீட்டுக்கு. இளம் தம்பதி, இருவருக்கும் வேலை. மாப்பிள்ளையின் தாயாரும் உடன் வரப்போகிறார். எல்லாம் முடிவாகிவிட்டது, சாமி மேடையைத் தவிர. தாயாருக்குக் கதவு வைத்த தனி அறை வேண்டும். மருமகளுக்குக் கூடம் அடைபடக்கூடாது. இருவருக்கும் நடுவில் நின்ற மாப்பிள்ளை, “பாம் ஷெல்டர்ல வச்சிடலாமே” என்றார்.

நம்மில் பலருக்கும் வரும் யோசனைதான். 1998ஆம் ஆண்டு முதல் புதிய வீடுகளில் பாதுகாப்பறை இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால், அது அவசரக் காலத்துக்கான அறை. அதன் எஃகுக் கதவைக் கழற்றக்கூடாது, சுவரை உடைக்கக்கூடாது, காற்றுத் துளைகளை நிரந்தரமாக அடைக்கக்கூடாது. உள்ளே விளக்கும் சாம்பிராணியும் ஏற்றினால் புகை போக வழியும் குறைவு. அக்கா இதைப் பொறுமையாக விளக்கிவிட்டு, அந்தத் தாயாரிடம் திரும்பிக் கேட்டார்:

“அம்மா, வீட்டுல முதல்ல எழுந்திரிக்கிறது யாரு? விளக்கேத்தப் போறது யாரு?”

“நான்தான்மா.”

“நின்னுக்கிட்டு கும்பிடுவீங்களா, உக்காந்தா?”

அவர் சற்று யோசித்தார். “முன்னெல்லாம் நின்னுதான். இப்ப முட்டி வலிக்குது.”

அவரைச் சுவர் ஓரமாக நிற்கச்சொல்லி, பிறகு நாற்காலியில் உட்காரச்சொல்லி, இரண்டு முறையும் கையை நீட்டச்சொல்லி அளந்துகொண்டார் அக்கா. கதவா, கூடமா என்ற வாக்குவாதம் எப்படி அடங்கியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தாயாரின் படுக்கையறைக்கு வெளியே, கூடத்தின் மூலையில், மடக்குக் கதவு வைத்த ஒரு மேடை என்று முடிவானது. மருமகள்தான் முதலில் சரி என்றார்.

எண்ணெய்க்குத் தெரியாத வடிவமைப்பு

சாமி மேடை என்பது அழகான அலமாரி மட்டுமன்று, தினமும் நெருப்பு எரியும் அலமாரி என்கிறார் அக்கா. அதனால் அவர் பார்க்கும் முதல் விஷயம் வேலைப்பாடு அல்ல, எண்ணெய்.

வெள்ளைப் பளிங்கு பார்க்க அழகு. ஆனால், அது எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும், கறை எளிதில் போகாது. பிசின் கலந்து செய்யப்படும் குவார்ட்ஸ் பலகை அதிகச் சூட்டைத் தாங்காது. விளக்கு வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கருங்கல் பலகை போட்டுவிட்டால் தொல்லை இல்லை. விளக்கை உள்ளே வைக்காமல், வெளியே இழுக்கும் தட்டில் வைத்தால் சுடர் மேற்பலகையில் படாது, புகைக்கரியும் குறையும். குங்குமம், திரி, கற்பூரம், தீப்பெட்டி ஆகியவற்றுக்கு ஓர் இழுப்பறை. அது பிள்ளைகளுக்கு எட்டாத பக்கம் இருக்கவேண்டும்.

அக்காவுக்கு முருகன்தான் எல்லாம். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்காத ஆண்டு அவருக்கு நினைவில் இல்லை. ஆனால், வேலை என்று வந்தால் எல்லாச் சாமியும் அவருக்கு ஒன்றுதான். தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்குத் தொழுகை இடம் அமைத்தபோது கிப்லா திசையை வைத்தே படுக்கையறையின் அமைப்பை மாற்றினார். சிங்கப்பூரிலிருந்து அது மேற்கே, சற்று வடக்கு நோக்கி வரும். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றுக்கு, தாத்தா விட்டுச்சென்ற மாதா சுரூபத்தின் உயரத்துக்கே மாடம் கட்டினார். எல்லா வீட்டிலும் அவர் முதலில் கேட்பது அந்த ஒரே கேள்வியைத்தான்: முதலில் எழுந்திருப்பது யார்?

“இந்தக் கேள்வியை எப்ப இருந்து கேக்குற?” என்றேன் காரில்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. சமிக்ஞை விளக்கு பச்சையானது. “அம்மா விழுந்ததுக்கு அப்புறம்” என்றார்.

கேட்காமல் விட்ட வீடு

நாங்கள் வளர்ந்தது யீஷூனில், மூவறை வீட்டில். அப்பா செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். சரக்குப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டுவந்து, ஓய்வு நாள்களில் அறுத்து, இழைத்து, ஒரு சாமி மேடை செய்தார். கோணல்மாணலான மேடை. ஒரு கதவு சாத்தினால் இன்னொன்று திறந்துகொள்ளும். முப்பது ஆண்டு விளக்குப் புகையில் அதன் உட்புறம் கறுத்துப்போயிருந்தது.

அப்பா மறைந்த பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வீட்டை விற்றோம். அம்மா செங்காங்கில் அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு மேடை இருந்தது. அக்காவே வரைந்தது. வெள்ளைப் பலகையில் நுணுக்கமாக வெட்டிய பூவேலை, பின்னால் மஞ்சள் ஒளி. இன்ஸ்டகிராமில் அந்தப் படத்தைப் பார்த்தே பலர் அக்காவைத் தேடி வந்தார்கள். பழைய மேடைக்கு அங்கே இடமில்லை. குப்பைக்குக் கொண்டுபோக யாருக்கும் மனம் வரவில்லை. அதை என் வீட்டு பாம் ஷெல்டரில் பயணப்பெட்டிகளுக்குப் பின்னால் வைத்து, நானும் மறந்துபோனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. முருகன் படத்துக்குப் பூ வைக்க, பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்ற அம்மா தவறி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

அதன் பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டுக்கு வந்த நாள் முதலாகவே அம்மா முக்காலியில் ஏறித்தான் பூ வைத்திருக்கிறார். அம்மாவுக்கு ஐந்தடி உயரம்கூட இல்லை. அக்கா தன் உயரத்துக்கு வரைந்த மேடை அது. எல்லாரும் எழுவதற்குள் ஏறி, இறங்கி, முக்காலியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாராம்.

“ஏம்மா சொல்லல?” என்று மருத்துவமனையில் அழுதார் அக்கா.

“உன் வீடு. நீ பாத்துப் பாத்துச் செஞ்சது. அதுல போயி நான் குறை சொல்லவா?” என்றார் அம்மா.

அந்த ‘உன் வீடு’தான் அக்காவைச் சுட்டது. எலும்பு கூடிவிடும். இரண்டு ஆண்டுகளாகத் தன் அம்மா தன் வீட்டில் விருந்தாளியைப் போல இருந்திருக்கிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

சிவப்புக் கோடும் மனையடியும்

பழைய மேடையை ஏற்றிக்கொண்டு சுங்கை காடுட்டில் இருக்கும் தச்சுப் பட்டறைக்குப் போனோம். அக்காவுக்கு நெடுநாள் பழக்கமான தச்சர், அறுபதைத் தாண்டிய சீனர். அக்கா ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவார். மலாயும் ஆங்கிலமும் கைச்சாடையும் கலந்த மொழி இருவருக்கும் போதும். மேடையைப் பார்த்ததும் அங்கிள் அதைத் தரையில் வைக்கவிடவில்லை. மேசையைத் துடைத்து, அதன்மேல் வைக்கச்சொன்னார். சாமி இருந்த பெட்டி அல்லவா!

அவருடைய அளவு நாடாவைப் பார்த்து எனக்கு வியப்பு. எண்களுக்கு அருகில் சிவப்பிலும் கறுப்பிலும் சீன எழுத்துகள். சிவப்பில் முடியும் அளவு நல்லது, கறுப்பு ஆகாது என்பது அவர்கள் வழக்கம். வழிபாட்டு மேடை என்றால் சீனத் தச்சர்கள் அதைப் பார்த்துத்தான் வெட்டுவார்களாம். நம் மனையடி சாஸ்திரத்திலும் இத்தனை அடிக்கு இன்ன பலன் என்ற கணக்கு உண்டு அல்லவா? அதைச் சொன்னதும் அங்கிளுக்கு ஒரே மகிழ்ச்சி. அகலத்தை இரண்டு விரற்கடை குறைத்துச் சிவப்பில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அம்மாவிடம் தொலைபேசியில் அளவைச் சொன்னோம். சிவப்பும் தெரியாது, மனையடியும் தெரியாது என்றவர், “உக்காந்துக்கிட்டே பூ வைக்க எனக்குக் கை எட்டுமா?” என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்: “அந்தப் பழைய மேடைக்கு உங்கப்பா என்னை நிக்க வச்சுத்தான் அளந்தாரு.”

பட்டறையில் மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

சாமியும் வீடு மாறியவர்தான்

இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில் இருப்பது ஒரு தாழ்ந்த மேடை. அப்பாவின் பலகைகள்தான் கதவுகள். இப்போது இரண்டும் ஒழுங்காகச் சாத்துகின்றன. புகைபிடித்த உட்பலகையை இழைக்காமல் அப்படியே பின்சுவராக வைத்துவிட்டார் அங்கிள். முன்னால் அம்மாவுக்கு ஒரு மணை. வெள்ளை மேடை இருந்த சுவரில் ஆணித் துளைகளை அடைத்துப் பூசிய சாயம் பழைய சாயத்தோடு முழுதாகச் சேரவில்லை. வாடிக்கையாளர் வீடென்றால் அக்கா அதை விட்டுவைத்திருக்கமாட்டார்.

மேடையை மாற்றியது தோஷமாகுமோ என்று உறவினர் ஒருவர் கேட்டபோது, அம்மாதான் பதில் சொன்னார். “செம்பவாங்கில மரத்தடியில இருந்த முருகனே யீஷூனுக்கு வீடு மாறி வந்தவருதான். நம்மளை மாதிரிதான் அவரும்.” புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தைச் சொல்கிறார். சிலாட் சாலையில் இருந்த முனீஸ்வரரும் இன்று செங்காங்கில்தான் இருக்கிறார். இந்த ஊரில் இடம் மாறாதவர் யார்? போன இடத்தில் நமக்கென்று ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புது வீட்டுக்குச் சாவி வாங்கியிருக்கிறீர்களா? பழைய வீட்டைப் புதுப்பிக்கப்போகிறீர்களா? நிறமும் ஓடும் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பவரைச் சுவரோரம் நிற்கச்சொல்லி, கை எங்கே எட்டுகிறது என்று பாருங்கள். கேட்டால் “எனக்கு எதுவானாலும் சரி” என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை நம்பாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தேக்காவிலிருந்து வாங்கிவந்த மல்லிகைச் சரத்தை அம்மா உட்கார்ந்தபடியே முருகனுக்குச் சூட்டினார். வீட்டில் பிடித்த இடம் எது என்று இப்போது சொல்லலாமே என்று அக்காவைச் சீண்டினேன்.

“முதல்ல அம்மாகிட்ட கேளு” என்றார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. “நடுவுல நிக்காத தம்பி, விளக்குக்குக் காத்து வரட்டும்” என்றார். அவர் வீட்டில் அவர் அதட்டுகிறார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த முறை அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை.