வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை வரவேற்றல்: கண்ணாடிச் சுவர்களும் வெப்பத்தடுப்புப் படலமும்

நாம் அன்றாடம் வழங்கும் நான்கு தமிழ்ச் சொற்களோடு இவ்விளக்கத்தைத் தொடங்குவது பொருத்தமாகும். வெயில், வெளிச்சம், வெக்கை, கண்கூச்சம் என்பன அவை. வெயிலில் வடகம் காயவைப்போம். வெளிச்சத்தில் நூல் படிப்போம். வெயில் படாத மூடிய அறையிலும் வெக்கை இருக்கும். நன்கு குளிரூட்டிய அறையிலும் கண் கூசும். இந்நான்கும் வெவ்வேறு பட்டறிவுகள் என்பதை நம் பேச்சுவழக்கே நன்கு உணர்ந்திருக்கிறது. ஆயினும் நான்கிற்கும் மூலம் ஒரே கதிரவன். நான்கும் நம் வகுப்பறைக்குள் நுழையும் வழியும் ஒரே சன்னல்.

கண்ணாடிச் சுவர் கொண்ட கட்டடங்களில் எழும் சிக்கலின் சாரம் இதுவே. நமக்கு வெளிச்சம் வேண்டும். வெக்கையும் கண்கூச்சமும் வேண்டா. ஒன்றாக வருபவற்றைப் பிரித்து, வேண்டியதை மட்டும் உள்ளே விட இயலுமா? கண்ணாடியின்மீது ஒட்டப்படும் மெல்லிய படலம் இவ்வினாவிற்குக் கிடைத்துள்ள விடைகளுள் ஒன்று. அப்படலத்தால் எவை இயலும், எவை இயலா என்பதைக் காண்போம்.

நிலநடுக்கோட்டருகே கண்ணாடி

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் உள்ளது. கோலாலம்பூர் ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் உச்சிப்பொழுதில் கதிரவன் தலைக்கு மேலேயே நிற்பதால், அந்நேர வெயில் கூரையைத்தான் மிகுதியாகத் தாக்குகிறது. சுவர்களுக்குத் தொல்லை தருவது காலை வெயிலும் மாலை வெயிலுமே.

சிங்கப்பூரில் கதிரவன் உச்சியை அடைவது பிற்பகல் 1 மணியளவில். எனவே காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அந்தச் சாய்வில், 3 மீட்டர் உயரமுள்ள கண்ணாடிச் சுவர் வழியே வெயில் அறைக்குள் 5 மீட்டர் தொலைவு வரை நீளும். கிழக்கு நோக்கிய வகுப்பறையில் காலைப் பாடம் நடக்கும்போது சன்னலருகே அமர்ந்த மாணவர் மட்டுமன்றி, அறையின் நடுவே இருப்பவரும் வெயிலுக்குள் அகப்படுவது இதனாலேயே. சன்னலுக்கு மேலே நீட்டிய சிறு கூரை உச்சி வெயிலைத் தடுக்குமே அன்றி, இத்தகைய சாய்ந்த வெயிலைத் தடுக்காது.

முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பழைய கடைவீடுகளைப் பார்ப்போம். வீட்டின் முகப்பில் மூடுகூரையுள்ள ஐந்தடி நடைவழி; மேல்மாடியில் சாய்பலகைகள் கொண்ட மரச் சன்னல்கள். சிங்கப்பூரில் இத்தகைய நடைவழிகளை அமைக்கவேண்டும் என்ற விதி 1822-ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இடம்பெற்றது. நடைவழி நிழலைத் தந்தது. சாய்பலகைகள் காற்றையும் மென்மையான வெளிச்சத்தையும் விட்டு, நேர்வெயிலை மறித்தன. குளிரூட்டி பரவிய பின்னர், நிழலின்றியே வாழலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. சுவர் முழுதும் கண்ணாடியாயிற்று. கண்ணாடி உள்ளே விட்ட வெப்பத்தைக் குளிரூட்டி இரவுபகலாக வெளியேற்றும் நிலை உண்டாயிற்று.

கண்ணாடி என்ன செய்கிறது?

தரையை வந்தடையும் கதிரவன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நாம் காணும் ஒளி. எஞ்சிய சிறு பங்கு புறஊதாக் கதிர்கள். சாதாரணக் கண்ணாடி ஒளியையும் அண்மை அகச்சிவப்புக் கதிர்களையும் பெரிதும் தடையின்றி விடுகிறது. அவை உள்ளே வந்து தரையிலும் மேசையிலும் பட்டு வெப்பமாக மாறுகின்றன. சூடேறிய அப்பொருள்கள் வெளியிடும் நெட்டலை வெப்பக் கதிர்களையோ கண்ணாடி நேரே வெளியே விடுவதில்லை. வரும்போது வழிவிட்டு, திரும்பும்போது வாயிலை அடைத்துவிடுகிறது. வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் உள்ளே வெக்கை சேர்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

இங்கே நுட்பமான ஓர் உண்மையை மனத்தில் இருத்துவது நலம். ஒளியும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே வெளிச்சத்தை முழுவதும் விட்டு வெப்பத்தை முழுவதும் தடுக்கும் கண்ணாடி இருக்க இயலாது. ஆனால், ஒளி தராமல் வெப்பம் மட்டுமே தரும் அகச்சிவப்புப் பாதியைத் தடுக்க இயலும். நல்ல படலத்தின் வேலை அதுவே.

படலத்தின் மூவகை

சன்னல் படலம் என்பது, பெரும்பாலும் மில்லிமீட்டரில் சிறு பின்னமே தடிப்புள்ள பாலியெஸ்டர் தாள். ஒரு புறம் பசையும் மறுபுறம் கீறல் விழாதிருக்கக் காப்புப்பூச்சும் இருக்கும். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, சவர்க்கார நீர் தெளித்து, படலத்தைப் பதித்து, இரப்பர்ப் பட்டையால் நீரை வழித்து ஒட்டுவர். எஞ்சிய ஈரம் உலரச் சில வாரங்கள் ஆகலாம்; அதுவரை சிறு மங்கல் தெரிவது இயல்பே.

முதல் வகை சாயப் படலம். இது ஒளியை உறிஞ்சிக் கண்ணாடியைக் கருமையாக்கும். உறிஞ்சிய ஆற்றலால் கண்ணாடி சூடேறி, அச்சூட்டின் ஒரு பகுதி அறைக்குள்ளேயே வரும். நாளடைவில் சாயம் வெளிறி ஊதாநிறம் பாய்வதும் உண்டு.

இரண்டாம் வகை உலோகப் பூச்சுப் படலம். அலுமினியம் போன்ற உலோகத்தின் மிக மெல்லிய பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். வெப்பத்தைத் தடுப்பதில் இது வலியது. ஆனால் பகலில் கட்டடத்தை வெளியிலிருந்து கண்ணாடிமுகமாக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் நிலைமை தலைகீழாகும்: உள்ளிருப்பவருக்குச் சன்னல் முகம்பார்க்கும் கண்ணாடியாகத் தெரியும், வெளியே இருப்பவருக்கு அறை தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் வகை, கதிர்களைத் தேர்ந்து தடுக்கும் படலம். நுண்ணிய பீங்கான் துகள்களைக் கொண்டோ, மிக மெல்லிய பல அடுக்குகளைக் கொண்டோ இது செய்யப்படுகிறது. ஒளியின் பெரும்பங்கை விட்டு, அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் தடுக்கிறது. பார்வைக்கு ஏறத்தாழ நிறமற்றே தோன்றும். விலை மற்ற இரண்டினும் கூடுதல்.

கருமை வேறு, குளிர்ச்சி வேறு

கருப்பான படலம் குளிர்ச்சி தரும் என்பது பரவலான எண்ணம். அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். அதற்கு இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, கண்ணாடி உள்ளே விடும் ஒளியின் விழுக்காடு. மற்றொன்று, கண்ணாடிமீது விழும் வெயில் ஆற்றலில் எத்தனை பங்கு அறையில் வெப்பமாகச் சேர்கிறது என்பதைக் காட்டும் எண். இதனை நாம் வெப்ப வரவு எண் என்று வழங்குவோம்.

மேற்கு நோக்கிய 10 சதுர மீட்டர் கண்ணாடியில், மாலையில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். படலமற்ற தெளிந்த கண்ணாடியின் வெப்ப வரவு எண் ஏறத்தாழ 0.8. அறைக்குள் சேரும் வெப்பம் 4,000 வாட். ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 2,600 வாட். அதாவது, அறையில் ஒருவரும் அமராத போதே, அந்த ஒரு கண்ணாடிக்காக மட்டும் ஒன்றரைக் குளிரூட்டி தேவைப்படும்.

35 விழுக்காடு ஒளியை மட்டும் விடும் கருஞ்சாயப் படலத்தை ஒட்டுவோம். அதன் வெப்ப வரவு எண் 0.6 எனில், வெப்பம் 3,000 வாட்டாகக் குறையும், அறையும் இருளும். 70 விழுக்காடு ஒளியை விடும் தேர்ந்து தடுக்கும் படலத்தின் எண் 0.5 எனில், வெப்பம் 2,500 வாட். இரு மடங்கு வெளிச்சம் வந்தும் வெப்பம் குறைவு. இருண்ட அறையில் பகலிலும் விளக்கேற்ற நேர்வதையும், அவ்விளக்குகளும் வெப்பம் தருவதையும் எண்ணினால், கருமையை நம்பித் தேர்ந்தெடுப்பதன் இழப்பு இன்னும் தெளிவாகும்.

விற்பனை இடங்களில் காட்டப்படும் ஒரு செய்முறையையும் நாம் ஆராய்ந்து பார்க்கவேண்டும். வெப்ப விளக்கொன்றை ஏற்றி, படலத்தின் பின்னே கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது. ஆனால் அவ்விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். கதிரவன் தருவதில் அது பாதியே. ‘அகச்சிவப்புத் தடுப்பு 90 விழுக்காடு’ என்ற விளம்பரம், வெப்பத்தில் 90 விழுக்காடு குறையும் என்று பொருள்படாது. கேட்கவேண்டியது, மொத்த வெயிலாற்றலுக்கான வெப்ப வரவு எண்ணே.

மாணவர்கள் இதனைப் பள்ளி வளாகத்திலேயே சோதிக்கலாம். ஒரே அளவான இரு அட்டைப் பெட்டிகளின் திறந்த பக்கத்தை, வெவ்வேறு படலம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளால் மூடவேண்டும். உள்ளே கருந்தாள் போர்த்திய வெப்பமானிகளை வைத்து, ஒரே வெயிலில் ஒரே நேரம் நிறுத்தவேண்டும். கைப்பேசியின் ஒளிமானிச் செயலியால் ஒவ்வொரு கண்ணாடியும் விடும் ஒளியையும் அளந்து ஒப்பிட்டால், கருமையும் குளிர்ச்சியும் ஒன்றல்ல என்பதைத் தாமே காண்பர்.

கண்கூச்சம்

கண்கூச்சம் ஒளியின் மிகுதியால் மட்டும் விளைவதன்று, ஏற்றத்தாழ்வால் விளைவது. வெண்பலகையை நோக்கும் மாணவரின் பார்வையில் அதைவிடப் பன்மடங்கு ஒளிர்கின்ற சன்னல் சேர்ந்து பட்டால், கண் சன்னலுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். பலகை எழுத்து மங்கும். ஒளிரும் வானத்தால் உண்டாகும் கூச்சத்தைப் படலம் குறைக்கும். கதிரவனின் வட்டமே நேரே கண்ணில் படும் இடத்தில், பத்தில் ஒரு பங்கு ஒளியை விடும் படலமும் போதாது. அங்கே திரையோ சாய்பலகை மறைப்போ வேண்டும். சன்னலுக்கு நேர் எதிரே பலகையை மாட்டுவதைத் தவிர்த்து, சன்னல் மாணவர்களின் பக்கவாட்டில் அமையுமாறு இருக்கைகளை மாற்றுவது செலவில்லாத முதல் தீர்வு.

படலத்தின் எல்லைகள்

படலம் உட்புறம் ஒட்டப்படுவதால், வெயில் கண்ணாடியை வந்தடைந்த பின்னரே அதன் வேலை தொடங்குகிறது. வெயிலைக் கட்டடத்திற்கு வெளியிலேயே மறிப்பது இதனினும் சிறந்தது. 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்குகளின் கண்ணாடிக் கூடுகள்மீது 7,000-க்கும் மேற்பட்ட அலுமினிய நிழல்தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. டுரியான் முட்கள் என்று மக்கள் வேடிக்கையாகச் சொல்பவை உண்மையில் வெயிலைத் தடுக்கும் கேடயங்கள். சுபாங் ஜெயாவில் 1992-இல் எழுந்த மெசினியாகா கோபுரத்தில், கட்டடக் கலைஞர் கென் யாங் வெயில் தாக்கும் கிழக்கு, மேற்குப் பக்கங்களுக்கு நிழல்தகடுகளை அமைத்தார். புத்ராஜெயாவில் உள்ள மலேசிய எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடமோ, மேலே செல்லச் செல்ல வெளிப்புறம் சாய்ந்து, தன் கண்ணாடிகளுக்குத் தானே நிழல் தருகிறது. கட்டி முடித்த கட்டடத்தைச் சாய்க்க முடியாது. தகடு பொருத்துவதும் எல்லாருக்கும் இயல்வதன்று. படலத்தின் இடம் அங்கேதான்.

அதற்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சும் படலம் ஒட்டிய கண்ணாடியில், வெயில் படும் நடுப்பகுதி விரிய, சட்டத்துள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருப்பதால் விரிசல் ஏற்படக்கூடும். இரட்டைக் கண்ணாடிகளில் இந்த இடர் மிகுதி. ஆகவே கண்ணாடியின் வகையை அறியாமல் படலத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

அண்டை அயலாரையும் எண்ணவேண்டும். திருப்பி அனுப்பப்படும் வெயில் எங்கோ சென்று விழத்தான் செய்யும். 2013-இல் இலண்டனில் உட்குழிந்த கண்ணாடி முகப்புக் கொண்ட உயர்கட்டடம் ஒன்று, வெயிலைத் தெருவில் குவித்து, நிறுத்தியிருந்த மகிழுந்தின் பாகங்களை உருகச் செய்தது. சிங்கப்பூரில் முகப்புக் கண்ணாடி பகலொளியில் 20 விழுக்காட்டிற்கு மேல் திருப்பி அனுப்பக்கூடாது என்று விதி வகுக்கப்பட்டிருப்பதும் பிறர் கண்களைக் காக்கவே.

கேட்கவேண்டிய வினாக்கள்

பள்ளியோ அலுவலகமோ படலம் ஒட்டத் திட்டமிடும்போது, ஐந்து வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுதல் நலம். இக்கண்ணாடி எத்திசை நோக்கியது? படலம் எத்தனை விழுக்காடு ஒளியை விடும்? அதன் வெப்ப வரவு எண் என்ன? இந்த வகைக் கண்ணாடிக்கு அது ஏற்றதா? வெளிப்புறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும்? திசையை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. பணம் அளவாக இருக்குமானால், எல்லாச் சன்னல்களிலும் மலிவான படலத்தை ஒட்டுவதைவிட, கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் தரமான படலத்தை ஒட்டுவதே பயன்தரும்.

நூலகங்களுக்கு மேலும் ஒரு பயன் உண்டு. தரமான படலங்கள் புறஊதாக் கதிர்களை ஏறத்தாழ முழுவதும் தடுப்பதால், நூல்களின் அட்டைகள் வெளிறுவது தாமதப்படும். ஆயினும் ஒளியும் வெப்பமும்கூட நிறத்தைக் கெடுப்பவை. எனவே அரிய நூல்களைச் சன்னலருகே வைக்காமலிருப்பதே உறுதியான காப்பு.

குளிரூட்டியின் எண்ணைக் குறைத்துக்கொண்டே செல்வதால் வெயில் குறைவதில்லை, மின்செலவே கூடுகிறது. வெளியே தள்ளப்படும் வெப்பமும் நம் நகரத்தின் காற்றிலேயே சேர்கிறது. நம் மொழி தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கும் வெயிலையும் வெளிச்சத்தையும் நம் சன்னல்களிலும் தனித்தனியே கையாளக் கற்றுக்கொண்டால், திரையை இழுத்து மூடி விளக்கேற்றிப் பாடம் நடத்தும் நிலை மாறும். வகுப்பறை குளிர்ந்திருக்கும், வெளியே நிற்கும் மரமும் மாணவர் கண்ணுக்குத் தெரியும்.