வண்டல் எங்கே போகும்?

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஒரு பிடியை அள்ளி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்துப் பாருங்கள். மணல் பருக்கைகள் சில நொடிகளில் அடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். நுண்துகள் ஒன்றின் விட்டம் பாதியானால், அது படியும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அசையாத நன்னீரில் 0.2 மில்லிமீட்டர் மணல் 12 மீட்டர் ஆழம் இறங்கப் பத்து நிமிடம் போதும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கே உள்ள களித்துகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடலின் உப்பில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சற்று வேகமாகப் படியும் என்பது உண்மைதான். ஆனால் ஆழம் குறைந்த கடலில் அடுத்த காற்று கிளம்பினால் அவையும் மறுபடி கிளம்பிவிடும். கடலடியைத் தோண்டிக் கப்பல் கால்வாய் அமைக்கும் சேதுசமுத்திரத் திட்டம் பற்றி இருபது ஆண்டுகளாக நாம் பேசியதெல்லாம் நம்பிக்கையும் அரசியலும்தான். இந்தத் துகள்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

கனவு பழையது. 1860-ல் இந்தியக் கடற்படை அதிகாரி டெய்லர் இதற்கு முதல் திட்டம் தந்தார். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் பணிகளைத் தொடங்கிவைத்தார். கால்வாயின் நீளம் 167 கிலோமீட்டர். அதில் ராமர் பாலம் பகுதியிலும் பாக் நீரிணையிலுமாகச் சுமார் 89 கிலோமீட்டருக்குக் கடலடியைத் தோண்டி, 300 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள பாதை அமைக்க வேண்டும். அள்ள வேண்டிய மண் 8 கோடி கன மீட்டருக்கு மேல். இலங்கையைச் சுற்றாமல் போவதால் 424 கடல் மைல் வரை தூரமும், 30 மணி நேரம் வரை பயணமும் மிச்சமாகும் என்றார்கள். 2007-ல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பின்னர் தோண்டும் பணியே நின்றுபோனது. அதற்குள் சுமார் 830 கோடி ரூபாய் செலவாகிவிட்டது. 2023 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் திட்டத்தை மீண்டும் தொடங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே இது முடிந்துபோன கதை அல்ல.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் இது நம் விவகாரம். மேற்கு மலையில் பிறக்கும் வைப்பாறு வெம்பக்கோட்டையைக் கடந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, சிப்பிக்குளம் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சரக்குப் போக்குவரத்துக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. அது வளர்ந்தால் சிவகாசிக்கும் நல்லது என்ற எண்ணம் இங்கே பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தில் தவறு இல்லை. அதற்கு இந்தக் கால்வாய்தான் வழியா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை எடைபோடும் அறிவு கடலோரத்தைவிடக் கண்மாய்க்கரையில் அதிகம் இருக்கிறது. மானாவாரியும் கண்மாய்ப் பாசனமுமாக வாழும் இந்த மாவட்டத்தில் தூர்வாருவது எவருக்கும் அந்நியம் அல்ல. கண்மாயில் சேரும் கரம்பையை வண்டியில் அடித்து வயலில் போடுவது தலைமுறைப் பழக்கம். இன்று அரசே அனுமதிச் சீட்டு கொடுத்து இலவசமாக எடுக்கச் சொல்கிறது. இந்தத் தூர்வாரலில் மூன்று நன்மைகள் சேர்ந்து நடக்கின்றன. எடுத்த மண்ணுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் நிலம் செழிக்கிறது. மண் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். மேற்கே காட்டைக் காத்தால், ஓடைக்கரையில் மரமும் புல்லும் நின்றால், வரத்து குறையும். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் புலிக்கும் சாம்பல் நிற அணிலுக்கும் மட்டும் அல்ல, கீழே உள்ள கண்மாய்களின் கொள்ளளவுக்கும் காவல். மூன்றாவதாக, கோடையில் வற்றிய கண்மாயில் வேலை நடப்பதால் கலங்கல் எங்கும் பரவுவதில்லை. கடலடித் தோண்டலை இதே மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்த்தால், சேதுக் கால்வாய் மூன்றிலும் தோற்கிறது.

வரத்தைத் தடுக்க வழியில்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டரைத் தாண்டாத ஆழம். கரையோர நீரோட்டங்கள் கொண்டுவரும் மண் வந்து படியும் கிண்ணம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையில் கடல் சேற்றை அடுக்கடுக்காக ஏற்றிவிட்டுப் போக, படகை இறக்க முடியாமல் மீனவர்கள் தவித்தார்கள். ஒரே இரவில் இவ்வளவு சேற்றை நகர்த்தும் கடலில் 12 மீட்டர் பள்ளத்தை அப்படியே வைத்திருப்பது ஒருமுறைச் செலவு அல்ல. கால்வாய் இருக்கும் காலமெல்லாம் கட்ட வேண்டிய வட்டி அது.

எடுத்த மண்ணுக்கும் போக இடமில்லை. பெரும்பகுதியைக் கடலிலேயே ஆழமான இடத்தில் கொட்டுவதுதான் திட்டம். கனமான மணல் கீழே போய்விடும். மெல்லிய களி நீரோட்டத்தோடு பயணம் போகும். அது போகும் திசையில்தான் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது: 560 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட பவளப்பாறை இனங்கள். பவள உயிரியின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது. கலங்கல் வெளிச்சத்தை மறைத்தால் அந்தச் சமையல் நின்றுபோகும். மேலே விழும் துகளைத் துடைக்கப் பவள உயிரி சளியைச் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். இருக்கும் கொஞ்ச வலுவும் அதிலேயே தீரும். கடல் சூடேறி 2016-ல் வெளிறிப்போய் மெல்லத் தேறிவரும் பாறைகளுக்கு இது இரண்டாம் அடி. கடற்புல்லுக்கும் வெளிச்சம்தான் உயிர். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக 2022-ல் தமிழக அரசே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தை அறிவித்தது. இந்தியாவில் இப்படி ஒன்று அதுவே முதல். நாட்டுப்படகு மீனவர்களின் வலையில் விழும் மீனும் இறாலும் குஞ்சாக வளர்வதும் இதே புல்வெளியில்தான்.

கால்வாய் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளித்தானே போகிறது என்று கேட்பார்கள். வரைபடத்தில் அது சரி. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடாவின் கலங்கிய நீர் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் வருகிறது, தென்மேற்குப் பருவக்காற்றில் திசை மாறுகிறது. படிந்தாலும் மறுபடி மறுபடி கிளம்பி மிதக்கும் துகளுக்கு 20 கிலோமீட்டர் வேலி ஆகாது.

வணிகத்தைப் பற்றிய வாதம் இதைவிட வலுவானது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். கால்வாயில் 10 மீட்டர் மிதவை ஆழமுள்ள கப்பல்தான் போக முடியும். இன்றைய பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கு 14 முதல் 16 மீட்டர் தேவை. அவை எப்படியும் இலங்கையைச் சுற்றித்தான் போகும். 30 மணி நேர மிச்சம் என்பதும் குமரி முனையைத் தொட்டு வரும் உள்நாட்டுக் கப்பல்களுக்கான உச்சக் கணக்கு. ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வருபவை இலங்கையின் தென்முனையை நோக்கி நேராகவே வருவதால் அவற்றுக்கு மிச்சம் மிகக் குறைவு. அதிலும் கால்வாய்க்குள் வேகத்தைக் குறைத்துக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆய்வாளர் ஜேக்கப் ஜான் 2007-ல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். தூத்துக்குடி வளர வேண்டுமென்றால் அலைதடுப்புச் சுவருக்குள், துறைமுக வாயிலில், ஆழப்படுத்தலாம். அங்கே மண் வரத்தும் பரப்பும் கட்டுக்குள் இருக்கும். சேறு மூடிய மீன்பிடித் துறைகளின் வாயைத் திறந்துவிடுவதும் அப்படியே நியாயமானது. படகுக்காகத் தோண்டுவதே குற்றம் என்பது என் வாதம் அல்ல.

திட்டத்தை மறுபடி எடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, இரு பருவக்காற்றுகளும் ஒரு புயலும் அடங்கும் காலத்துக்கு நீரின் கலங்கலையும் படிவையும் அளந்து ஊரறிய வெளியிடுவது. அதோடு ஆண்டுதோறும் தோண்டுவதற்கு எவ்வளவு செலவு, கப்பல்காரர் கொடுப்பது எவ்வளவு, வரிப்பணத்திலிருந்து போவது எவ்வளவு என்ற கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை தோண்டும் இயந்திரங்களுக்கு வேலையில்லாமல் போகாது. வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளிலும் அவற்றின் கீழுள்ள கண்மாய்களிலும் அள்ள வேண்டிய கரம்பை கிடக்கிறது. அதை வாங்கிக்கொள்ள வயலும் இருக்கிறது.