வடசென்னை வியாபாரம் மீண்டும் தழைக்க...

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகமும், ரயிலும், ஆலைகளும் கூடியிருந்த இடத்தில் கடை வைத்தவர்கள் நாம். சம்பள நாளில் கல்லாவை விட்டு எழுந்திருக்க நேரம் இருக்காது. மளிகையும் ஜவுளியும் மாதக் கணக்கில்தான் ஓடின.

அந்த வியாபாரம் ஒரே நாளில் படுத்துவிடவில்லை. 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டில் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவினால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வது நின்றது. தூசு ஒழிந்தது மக்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சரக்கை நம்பியிருந்த சிறு கடைகளுக்கு அடி விழுந்தது. 2017-ல் எண்ணூர் அனல் மின் நிலையமும் மூடப்பட்டது. வாங்கும் கை தளர்ந்தால் விற்கும் கை என்ன செய்யும்?

இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு வந்த மெட்ரோ ரயில், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. 2022-ல் தேரடி நிலையமும் திறக்கப்பட்டது. பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைத் தரிசிக்க வருகிறவர்களுக்கும், எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்க வருகிறவர்களுக்கும் இது பெரிய வசதி. 2024 மார்ச்சில் ரூ.4,181 கோடியில் வடசென்னை வளர்ச்சித் திட்டமும் தொடங்கப்பட்டது.

மகிழ்ச்சிதான், ஆனால் இரண்டு விஷயங்களில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது, ரயில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. நம் வாடிக்கையாளரும் வண்டி மாறாமல் அண்ணா சாலைக்குப் போய்விடலாம். சரக்கில் தரமும், விலையில் நாணயமும், முகம் தெரிந்து பேசும் பழக்கமும்தான் அவரை நம் கடையில் நிறுத்தும்.

இரண்டாவது, வாடகை. ஊர் வளர்ந்தால் வாடகையும் ஏறும். 2017-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, கடையைக் காலி செய்யக் கோரி உரிமையாளர் மனுச் செய்ய முடியும். 'அப்பா காலத்துக் கடை, வாய்ப் பேச்சே போதும்' என்றிருப்பவர்கள் நம்மில் பலர். ஒப்பந்தக் காலம், வாடகை உயர்வு, முன்பணம் மூன்றையும் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தகரத் தடுப்புக்குப் பின்னால், மெட்ரோ வேலை முடியும்வரை, விற்பனையில்லாமல் கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள் நாம். நல்ல காலம் வரும்போது நம் கடை நம் கையில் இருக்க வேண்டாமா? இந்த மாதமே ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.