முதல் பொட்டலம் யாருக்கு?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வடசென்னை மாதா கோயில் வாசல்களில் தொங்கிய காகித நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படவில்லை. குடிலில் பாலன் வைக்கோல் மேல் கிடந்தார். புதுச் சட்டையைக் கழற்ற மாட்டோம் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கும் நாள். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. கத்தோலிக்கரின் நாட்காட்டியில் அன்று திருக்குடும்பத் திருநாள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. காலை ஆறரை மணி சுமாருக்குச் சென்னையில் பலர் கட்டில் அசைவதை உணர்ந்தார்கள். ஏதோ மயக்கம் என்று எண்ணிக் காப்பி குடிக்கப் போனவர்களும் உண்டு. அந்நேரம் சுமத்ரா தீவுக்கு மேற்கே, கடலுக்கடியில், 9.1 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்திருந்தது. அடுத்த இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தப் பூகம்பம் தண்ணீராக உருமாறி நம் கரைக்கே வந்து சேர்ந்தது. சுனாமி என்ற சொல்லை அன்றுதான் தமிழ்நாடு கற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் மாண்டவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அவர்களில் அடக்கம். சென்னை மாவட்டத்தில் அரசாங்கக் கணக்குப்படி 206 பேர். நாகையோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் காசிமேட்டில் லாஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததையும், வலையெல்லாம் கந்தலாகித் தெருவில் சுருண்டு கிடந்ததையும் கண்டவர்களுக்கு எந்தத் தொகையும் சிறியதாகத் தோன்றியிராது.

கல்லுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே

ராயபுரத்துக்குக் கடலோடு பழைய வழக்கு ஒன்று உண்டு. 1875-க்குப் பின் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பினார்கள். தெற்கேயிருந்து வடக்கே கடல் இழுத்துப் போகும் மணலை அந்தச் சுவர் மறித்துக்கொண்டது. அதனால் தெற்கே மெரினா வளர்ந்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர்ப் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்கச் செல்பவர்கள், தாங்கள் உட்கார்ந்திருக்கும் மணல் வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்! கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல்லுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் நடுவே மிஞ்சிய துண்டு நிலத்தில்தான் குப்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அலை வந்தபோது ஓடுவதற்கும் இடமில்லை.

வட்டாரத்தின் பெயரே ஒரு மாதா கோயிலிலிருந்து வந்தது. ராயப்பர் என்பது அர்ச்சியசிஷ்ட பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பழம்பெயர். துறைமுகம் ஏற்படாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மனிதரையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் கரை சேர்த்தவர்கள் குருகுல வருணகுலத்தார் என்ற கத்தோலிக்கப் படகோட்டிகள். அவர்கள் 1829-இல் கட்டியெழுப்பியதுதான் ராயப்பர் ஆலயம். ராயப்பரும் மீனவர்தான் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அலை ஓய்ந்ததும் ஜனங்கள் கோயில் வளாகங்களை நோக்கி ஓடியதில் ஆச்சரியமில்லை. சபைப் பள்ளிக்கூடங்கள், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடங்கள், சமுதாயக் கூடங்கள், கல்யாண மண்டபங்கள் எல்லாமே அடைக்கலமாயின.

பதிவேடும் பக்கத்து வீடும்

கத்தோலிக்கப் பங்குகளில் ஆபத்துக் காலத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு முன்பே உண்டு. 1833-இல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் நம் பங்குகளிலும் இயங்குகின்றன. எந்த வீட்டில் விதவை இருக்கிறாள், எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பத்து முப்பது வீடுகளைச் சேர்த்து 'அன்பியம்' என்று அமைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பங்குச் சாமியாரிடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளிலும் இப்படியே. பெந்தெகொஸ்தே கூரைக் கொட்டகையில்கூட பாஸ்டருக்குத் தம் ஜனங்களைப் பெயர் பெயராகத் தெரியும்.

உதவி செய்ய வருகிறவனுக்கு இப்படியொரு ஜாபிதா கையில் கிடைப்பது பெரிய பாக்கியம். சிக்கலும் அங்கேயே ஆரம்பமாகிறது.

ஒரு குப்பத்தில் அடுத்தடுத்து இரண்டு குடிசைகள். ஒன்று மரியம்மாளுடையது, மற்றது செல்லியம்மாளுடையது என்று வைத்துக்கொள்வோம். அலை இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோயிற்று. இருவர் புருஷன்மாரும் ஒரே லாஞ்சில் கூலிக்குப் போகிறவர்கள். மரியம்மாள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. செல்லியம்மாள் பெயர் இல்லை. சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நிற்கும் இளைஞன் என்ன செய்வான்?

'நம்மவர்களுக்கு முதலில்' என்பதைக் குறுகிய புத்தி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. தூரத்துச் சபையில் உண்டியலில் காசு போட்ட ஏழை, தன் விசுவாசத்தைச் சேர்ந்த சகோதரனை நினைத்துத்தான் போட்டிருப்பான். ஜாதிச் சங்கம் ஜாதிக்காரனைக் கவனிக்கிறது. தொழிற்சங்கம் மெம்பரைக் கவனிக்கிறது. கட்சி கட்சிக்காரனைக் கவனிக்கிறது. சபை மட்டும் தன் ஜனத்தைக் கடைசியில் நிறுத்த வேண்டுமா என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்தியோக்கியாவின் கணக்கு

இந்தக் கேள்வி கிறிஸ்தவ சபையின் வயதையே உடையது. இயேசுவின் சீஷர்களுக்குக் 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அந்தியோக்கியா பட்டணத்தில் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதே அதிகாரத்தில், கிலவுதியு ராயன் காலத்தில் பஞ்சம் வந்தபோது யூதேயாவிலிருந்த சகோதரர்களுக்கு அந்தியோக்கியர் அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம் திரட்டி அனுப்பிய செய்தியும் வருகிறது. பெயர் வந்த கையோடு வசூலும் வந்துவிட்டது! பர்னபாவும், அப்போது சவுல் என்று பெயர் கொண்டிருந்த சின்னப்பரும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பின்னாளில் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், எல்லோருக்கும் நன்மை செய்யச் சொன்ன அதே சின்னப்பர், விசுவாசக் குடும்பத்தாரைத் தனியாகவும் குறிப்பிட்டார். 'எல்லோருக்கும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வோரும், 'விசுவாசக் குடும்பம்' என்பதைப் பிடித்துக்கொள்வோரும் இன்றுவரை ஒரே வாக்கியத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அந்தியோக்கியாவுக்கு முதல் மேற்றிராணியாராக இருந்தவர் ராயப்பரே என்பது பாரம்பரியம். அந்தப் பட்டணத்தையும் பூகம்பம் விடவில்லை. கி.பி. 526-இல் ஆண்டவர் மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளை ஒட்டி வெளியூர் ஜனங்கள் நிறைந்திருந்தபோது பூமி ஆடியது. இரண்டரை லட்சம் பேர் மாண்டதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். 1755-இல் லிஸ்பன் நகரில் சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளன்று கோயில்கள் நிரம்பியிருந்த வேளையில் பூகம்பம் வந்தது. பின்னாலேயே கடலும் வந்தது. திருநாள் கூட்டமும் பேரழிவும் சந்தித்துக்கொண்டது வேளாங்கண்ணியில் மட்டுமல்ல.

2023 பிப்ரவரி 6-இல் துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவில் பூமி அதிர்ந்து 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பழைய அந்தியோக்கியாவான அந்தாக்கியாவில் ராயப்பர், சின்னப்பர் இருவர் பெயரிலும் இருந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயம் இடிந்து விழுந்தது. சிரியாவில் அலெப்போ நகரத்து தேவாலயங்கள் வீடிழந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன.

நம் நாட்டுச் சபைகள் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய சந்தர்ப்பங்கள் பல வந்தன. தேசப் பிரிவினை அகதிகளுக்கு உதவுவதற்காக 1947-இல் சீர்திருத்தச் சபைகளும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் சேர்ந்து தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது 'காசா' என்ற அமைப்பு. கத்தோலிக்க மேற்றிராணிமார் 1962-இல் 'காரித்தாஸ் இந்தியா'வை ஏற்படுத்தினார்கள். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் கட்ச் பிரதேசம் பூகம்பத்தால் தரைமட்டமானபோது இரண்டும் அங்கே வேலை செய்தன. குஜராத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 'நம்மவர்' என்று தேடினால் ஆள் அகப்படுவது அரிது. அங்கே பதிவேட்டை மூடிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உலக அளவில் 1994-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் பெரிய நிவாரண ஸ்தாபனங்களும் ஓர் ஒழுங்கு முறையை வகுத்தன. ஜாதி, மதம் பார்க்காமல் தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும். உதவியைக் காட்டி மதம் பேசக்கூடாது. காரித்தாஸின் சர்வதேசக் கூட்டமைப்பு, லூத்தரன் உலக சம்மேளனம், உலகத் திருச்சபை மன்றம் மூன்றும் அதை வகுத்தவர்களில் சேர்ந்தவையே. சுனாமிக்குப் பின் நம் கரையில், உதவியோடு மதத்தையும் சிலர் கொண்டுவருகிறார்கள் என்ற புகார் எழத்தான் செய்தது. உதவ வந்த கூட்டங்கள் எல்லாம் அந்த ஏட்டைப் படித்தவை என்று சொல்வதற்கில்லை.

ஜாபிதாவில் இல்லாதவர்கள்

மீனவக் கரையில் இதைத் தீர்த்துவைத்தது பெரும்பாலும் வேதமும் அல்ல, ஒழுங்கு முறையும் அல்ல, ஊர்ப் பஞ்சாயத்து. கொண்டுவந்ததைப் பஞ்சாயத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும், தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. நாலு வீட்டுக்குக் கொடுத்து நாற்பது வீட்டை விட்டால் ஊரில் அடிதடிதான். அம்மன் கோயிலும் அந்தோணியார் கெபியும் ஒரே தெருவில் இருக்கும் குப்பத்தில், மதம் பார்த்துக் கொடுப்பது வேலைக்காகாத காரியம்.

அப்படியானால் எல்லோருக்கும் கிடைத்ததா? அதுவும் இல்லை. பஞ்சாயத்தின் ஜாபிதாவிலும் ஓட்டைகள் இருந்தன. படகும் வலையும் இழந்தவனுக்குக் கணக்கு உண்டு. கூடையைத் தலையில் வைத்து மீன் விற்ற பெண்ணுக்கு அவள் இழந்த கூடையும் தராசும் எளிதில் கணக்கில் ஏறவில்லை. தலைக்கட்டு ஆணின் பெயரில் இருந்தபடியால் விதவைகள் விடுபட்டார்கள். மீனவரல்லாத தாழ்த்தப்பட்ட மக்கள் பல ஊர்களில் வரிசையிலேயே சேர்க்கப்படவில்லை. இந்த இடங்களில் வீடு வீடாகப் படியேறிப் பழகிய வின்சென்ட் சபைக்காரரும் கன்னிமாரும் பிரயோஜனப்பட்டார்கள். லாரியில் வந்து வீசிவிட்டுப் போகிறவனுக்கு விடுபட்டவள் கண்ணில் படமாட்டாள்.

வீசிவிட்டுப் போனவர்கள் ஏராளம். தானம் வந்த பழந்துணி கடற்கரைச் சாலைகளில் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் ஊறியது. மீனவர்கள் அதைத் தொட மறுத்தார்கள். உழைத்துத் தின்கிறவன் வீட்டில் அடுத்தவன் கழித்த புடவையை எப்படி உடுத்துவாள்? நாகை, கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் வழங்கப்பட்டன என்பதும் பின்னால் தெரிந்தது. படகு கொடுத்தால் படம் நன்றாக விழும் அல்லவா!

ஒழுங்கு தவறினால் நிவாரணமே ஆளைக் கொல்லும் என்பதை வடசென்னை அடுத்த ஆண்டே கண்டது. 2005 நவம்பரில் வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்க நின்ற கூட்டத்தில் நெரிபட்டு 6 பேர் இறந்தார்கள். டிசம்பரில் எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர். வாங்க வந்தது சில நாள் அரிசிக்கான உதவி.

எர்ணாவூர்

2005 ஜனவரியில் தமிழக அரசு, தொண்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு வீடு கட்டும் திட்டத்தை அறிவித்தது. வீடு புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது நல்ல காரியம். கிராமப்புறக் கரைகளில் சபை அமைப்புகள் பல வீடுகளைக் கட்டிக் கொடுத்தன. பட்டணத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. நிலம் எங்கே? காசிமேடு, ராயபுரத்துப் பக்கத்துக் குடும்பங்கள் பல திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளுக்கு அனுப்பப்பட்டன. தாழ்ந்த பூமி, 2005 மழையில் வெள்ளம் உள்ளே புகுந்தது. அலையில் தப்பியவர்கள் மழையில் நனைந்தார்கள். அங்கிருந்து எர்ணாவூர்.

அந்தக் கொட்டகைகளில் பதிவேடும் குலைந்தது, பஞ்சாயத்தும் குலைந்தது. பத்துக் குப்பத்து ஜனம் கலந்து கிடந்ததால், யார் எந்தப் பங்கு, யார் எந்த ஊர் என்று பிரித்தறிவதே கஷ்டமாயிற்று. துறைமுகத்துக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டிய தொழில். நடந்து போன தூரம் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கும் தூரமாகிவிட்டது. ஏலத்தில் மீன் எடுத்த பெண்கள் சும்மா உட்கார்ந்தார்கள். கந்துவட்டிக்காரன் மட்டும் வழி தெரிந்து வந்து சேர்ந்தான். 2007-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புப் பெண்கள் பலர் கடனை அடைக்கத் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்த செய்தி வெளிவந்தது. விற்றவர்களை என்ன மதம் என்று தரகன் கேட்டிருக்க மாட்டான். ரத்தம் எந்த வகுப்பு என்றுதான் கேட்டிருப்பான்.

முதல் வாரத்தில் வந்து இறங்கிய லாரிகளில் அநேகம் அதற்குள் திரும்பிவிட்டன. உலகமெங்கும் சுனாமிக்காகக் குவிந்த நிதி 1,300 கோடி டாலருக்கு மேல். எர்ணாவூரில் ஒரு பெண்ணின் கடனோ சில ஆயிரங்களிலும் லட்சத்துக்குள்ளும் அடங்கியது. முதல் பொட்டலம் யாருக்கு என்று சண்டையிட்டவர்கள், இருநூறாவது நாள் பொட்டலத்தைப் பற்றி யோசித்திருந்தால் அவளுக்கு அந்தத் தரகனின் முகவரி தேவைப்பட்டிராது.

திருவொற்றியூரும் எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் 26 காலையில் காசிமேட்டில் ஜனங்கள் கடலோரம் கூடுகிறார்கள். குடத்தில் கொண்டுவந்த பாலைக் கடலில் ஊற்றிப் பூத்தூவுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை சொல்கின்றன. காற்றுப் பலமாக இருந்தால் திரி அணைந்துவிடும். அப்போது பாலூற்ற வந்தவள் முந்தானையை விரித்துக் காற்றை மறைத்து நிற்கிறாள்.